வழக்கும் விசாவும்: ஐரோப்பா செல்லுமுன் அறிய வேண்டியவை

ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல விரும்பும் வாடிக்கையாளர்கள் வங்கியை நாடும் காரணங்கள் பெரும்பாலும் ஒரே வகையானவை. கணக்கு அறிக்கை, இருப்புச் சான்று, அந்நியச் செலாவணி அட்டை, பயணக் காப்பீடு ஆகியவற்றைக் கேட்டுப் பெற எவரும் தயங்குவதில்லை. வேறொரு வினாவும் உண்டு. அது தாழ்ந்த குரலில்தான் கேட்கப்படும். "என்மீது ஒரு வழக்கு இருக்கிறது, விசா கிடைக்குமா?" என்பதே அது. சிலருக்கு அவ்வழக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே முடிந்தது. சிலருக்கு இன்றும் வாய்தா நடந்துகொண்டிருக்கிறது. வேறு சிலர், தம்மீது இருப்பது குற்ற வழக்கு என்பதையே அறியாதவர்கள்.

கடைசியாகக் குறிப்பிட்டவர்களைப் பற்றியே முதலில் பேச வேண்டியுள்ளது. காசோலை பணமின்றித் திரும்பியதற்காகத் தொடரப்படும் வழக்கை வெறும் பணத் தகராறு என்றே நம் வாடிக்கையாளர்களில் பலர் கருதுகின்றனர். 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோதே அது தண்டனைக்குரிய குற்றமாகிவிட்டது. இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வழக்கை விசாரிப்பவர் குற்றவியல் நடுவர். ஆகவே, கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் "குற்றவியல் நீதிமன்றத்தில் உங்கள்மீது வழக்கு நிலுவையில் உள்ளதா?" என்ற வினா வரும்போது, காசோலை வழக்கில் அழைப்பாணை பெற்றவர் அளிக்க வேண்டிய விடை "ஆம்" என்பதே. மதுவருந்தி வாகனம் ஓட்டி, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தியவர் நிலையும் இத்தகையதே. அபராதம் கட்டியதோடு வழக்கு முடிந்தது என்பது உண்மை. அது குற்றத் தீர்ப்போடு முடிந்தது என்பதும் உண்மை.

எடுத்துக்காட்டாக ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது அறுபத்திரண்டு. சிறுதொழில் நடத்தி நொடித்து, கடையை மூடியவர். பழைய கூட்டாளி ஒருவர் தொடர்ந்த காசோலை வழக்கு அவர்மீது நிலுவையில் உள்ளது. மகள் ஜெர்மனியில் மியூனிக் நகரில் பணிபுரிகிறாள், அவளுக்குத் தலைப்பிரசவம். தாயும் தந்தையும் உடனிருக்க வேண்டும் என்பது மகளின் விருப்பம். தந்தையின் கடவுச்சீட்டோ இன்னும் நான்கு மாதங்களில் காலாவதியாகிறது. இவர் கடக்க வேண்டிய வாயில்கள் மூன்று: கடவுச்சீட்டு அலுவலகம், தூதரகம், விமான நிலையக் குடியேற்றப் பிரிவு. நம் அனுபவத்தில், இப்படிப்பட்டவர்கள் அஞ்சுவது இரண்டாம் வாயிலை. உண்மையில் தடுக்கப்படுவதோ முதல் வாயிலில்.

நம் நாட்டை விட்டுப் புறப்படுதல்

வெளிநாடு செல்லும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தின் ஒரு கூறு என்று 1978ஆம் ஆண்டு மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. அவ்வுரிமையைச் சட்டம் வகுத்த நியாயமான நடைமுறையின்படி மட்டுமே கட்டுப்படுத்த இயலும். அந்த நடைமுறையை வகுப்பது 1967ஆம் ஆண்டுக் கடவுச்சீட்டுச் சட்டம்.

அச்சட்டத்தின் 6ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பலரும் அரைகுறையாகவே கேள்விப்பட்டிருக்கின்றனர். "தண்டனை பெற்றவருக்குக் கடவுச்சீட்டே கிடையாது" என்ற பேச்சு தவறானது. விண்ணப்பித்த நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள், ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காக, இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை இந்திய நீதிமன்றத்தால் விதிக்கப்பட்டிருந்தால் கடவுச்சீட்டு மறுக்கப்படும். இந்த மூன்று நிபந்தனைகளும் ஒருசேர அமைய வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் ஆறு மாதத் தண்டனை பெற்று அதனை முடித்தவர் இந்தப் பிரிவுக்குள் வரமாட்டார். விந்தை என்னவென்றால், முடிந்துபோன வழக்கைவிட முடியாத வழக்கே இங்கு பெரிய தடை. குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பின், குற்றம் சிறியதா பெரியதா என்ற வேறுபாடின்றி, மறுப்பதற்கு அதுவே போதிய காரணம்.

முதல் தகவல் அறிக்கை பதிவானது மட்டுமே "நிலுவையிலுள்ள வழக்கு" ஆகாது என்று பல உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்துள்ளன. காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, நீதிமன்றம் அதனை ஏற்று விசாரணைக்கு எடுத்துக்கொண்ட பின்னரே வழக்கு நிலுவையில் உள்ளதாகக் கொள்ளப்படும். காசோலை வழக்கு காவல் நிலையம் செல்லாமல் நேரே நீதிமன்றத்தில் முறையீடாகத் தொடங்குவதால், நடுவர் அதனைக் கோப்பில் ஏற்று அழைப்பாணை அனுப்பியதுமே அது நிலுவை வழக்குதான்.

அப்படியானால் நம் அறுபத்திரண்டு வயதுக்காரருக்கு வழியே இல்லையா? உண்டு. மத்திய அரசு 1993 ஆகஸ்ட் 25 அன்று வெளியிட்ட அறிவிக்கையின்படி, வழக்கு நிலுவையில் உள்ள நீதிமன்றத்திலிருந்தே வெளிநாடு செல்ல அனுமதி ஆணை பெற்று வந்தால், அவருக்குக் கடவுச்சீட்டு வழங்கலாம். ஆணையில் எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடப்பட்டிருந்தால் அத்தனை ஆண்டுகளுக்கு. காலம் எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் ஓராண்டுக்கு மட்டும். இந்த இடத்தில் வழக்குரைஞரும் விண்ணப்பதாரரும் சற்று நிதானிக்க வேண்டும். "மனுதாரர் வெளிநாடு செல்ல அனுமதிக்கப்படுகிறார்" என்று ஒற்றை வரியில் ஆணை பெற்று மகிழ்ச்சியுடன் திரும்புவோர் பலர். அவர்கள் கையில் கிடைப்பது ஓராண்டுக் கடவுச்சீட்டு. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளோ, பயணி அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பிறகும் கடவுச்சீட்டு குறைந்தது மூன்று மாதங்கள் செல்லுபடியாக வேண்டும் என்கின்றன. ஜனவரியில் ஓராண்டுக் கடவுச்சீட்டு பெற்றவர் அக்டோபருக்குள் அங்கிருந்து புறப்பட்டாக வேண்டும். குழந்தை நவம்பரில் பிறப்பதாக இருந்தால் அந்த ஆணையால் பயனில்லை. மனுவிலேயே கடவுச்சீட்டின் கால அளவையும் வேண்டிப் பெறுவது இத்தொல்லையைத் தவிர்க்கும்.

பிணையில் உள்ளவர்கள் பிணை ஆணையின் நிபந்தனைகளை மறுபடி ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொல்லியிருக்கலாம்; முன் அனுமதியின்றி நாட்டை விட்டுச் செல்லலாகாது என்றிருக்கலாம். நிபந்தனையே இல்லாவிட்டாலும், விசாரணை நாளில் ஆஜராகாதவர்மீது பிடியாணை பிறக்க இடமுண்டு. ஆகவே, நேரில் ஆஜராவதிலிருந்து விலக்கு கோரும் மனுவும் பயண அனுமதி மனுவும் சேர்ந்தே செல்வது நலம். காவல்துறை ஒருவரின் கடவுச்சீட்டைக் கைப்பற்றலாம், ஆனால் அதனை முடக்கி வைக்கும் அதிகாரம் கடவுச்சீட்டுச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரிக்கே உரியது என்று 2008ஆம் ஆண்டு சுரேஷ் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதையும் நினைவில் கொள்ளலாம்.

வழக்கை மறைத்து விண்ணப்பிப்பது பற்றிச் சுருங்கவே சொல்வோம். தெரிந்தே பொய்த் தகவல் அளித்துக் கடவுச்சீட்டு பெறுவது 12ஆம் பிரிவின்படி தனிக் குற்றம். இரண்டு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. பெற்ற கடவுச்சீட்டும் 10ஆம் பிரிவின்படி முடக்கப்படலாம்.

வங்கிக் கடனும் விமான நிலையமும்

வங்கி இதழில் இதனைச் சொல்லாமல் கடந்து செல்வது நேர்மையாகாது. கடன் தவணை தவறியவரை வெளிநாடு செல்லவிடாமல் வங்கி தடுக்க முடியுமா? லுக் அவுட் சுற்றறிக்கை எனப்படும் அறிவிப்பு, தேடப்படும் ஒருவர் விமான நிலையத்தையோ துறைமுகத்தையோ அடைந்ததும் குடியேற்ற அதிகாரிகள் அவரைத் தடுத்து நிறுத்துவதற்கானது. மத்திய உள்துறை அமைச்சகத்தின் அலுவலகக் குறிப்பாணைகளின் அடிப்படையில் அது இயங்குகிறது. 2018ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தால் பொதுத்துறை வங்கிகளின் தலைவர்களும் மேலாண்மை இயக்குநர்களும் அத்தகைய சுற்றறிக்கையைக் கோரும் அதிகாரம் பெற்றனர். 2024 ஏப்ரல் 23 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்த அதிகாரம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. எனினும், குற்றவியல் நீதிமன்றமோ கடன் வசூல் தீர்ப்பாயமோ பிறப்பித்த தடையாணைகளை அத்தீர்ப்பு தொடவில்லை.

தவணை தவறுவது தன்னளவில் குற்றமன்று. போலி ஆவணம் கொடுத்துக் கடன் பெறுவதும், அடமானப் பொருளை மறைத்து விற்பதும் குற்றம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, நேர்மையாக நொடித்தவர்கள் விமான நிலையத்தை எண்ணி அஞ்சி நடுங்குவதைக் காண்கிறோம். அவர்கள் செய்யத்தக்கது, கடன் கணக்கின் இன்றைய நிலை என்ன, வழக்கு ஏதும் தொடரப்பட்டுள்ளதா என்று கிளையில் எழுத்துமூலம் கேட்டுப் பெறுவதே. சமரசத் தீர்வில் கடனை முடித்தவர்கள் நிலுவையின்மைச் சான்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பிறருக்கு ஜாமீன்தாரராகக் கையெழுத்திட்டவர்களும் அந்தக் கடனின் நிலையைக் கேட்டறிவது நல்லது. சுற்றறிக்கை இருப்பது பெரும்பாலும் விமான நிலையத்தில் நிறுத்தப்படும்போதுதான் தெரியவருகிறது. அதனை நீக்கக் கோரி உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்ய வழியுண்டு. ஆனால் அன்றைய விமானம் போனது போனதுதான்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். தம் வங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் மாதம் சில ஆயிரம் ரூபாய்க்குப் பிறருக்கு "வாடகைக்கு" விடும் மாணவர்கள் இருக்கிறார்கள். அக்கணக்கின் வழியே இணைய மோசடிப் பணம் சென்றால், கணக்கின் உரிமையாளரே முதலில் குற்றம் சாட்டப்படுகிறார். அடுத்த ஆண்டு மேற்படிப்புக்காக அயர்லாந்துக்கோ ஜெர்மனிக்கோ விண்ணப்பிக்கும்போது, வேறு மாநிலக் காவல் நிலையம் ஒன்றில் தம் பெயர் இருப்பதை அவர் அறிய நேர்கிறது.

ஷெங்கன் நாடுகள் எதைப் பார்க்கின்றன?

ஐரோப்பாவில் 29 நாடுகள் ஷெங்கன் உடன்பாட்டின்கீழ் ஒரே விசாவை ஏற்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகியவை இவற்றுள் அடங்கும். ஒன்றியத்தைச் சேர்ந்த அயர்லாந்தும் சைப்ரஸும் அடங்கா. 180 நாட்களுள் 90 நாட்கள் வரை தங்கக் குறுகிய கால விசா வழங்கப்படுகிறது. 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. மறுத்தாலும் கட்டணம் திரும்பாது.

இனி எல்லோரும் கேட்கும் செய்திக்கு வருவோம். எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொதுவான குறுகிய கால விசா விண்ணப்பப் படிவத்தில் "நீங்கள் குற்றத் தீர்ப்பு பெற்றவரா?" என்ற வினா இல்லை. காவல்துறைத் தடையின்மைச் சான்றும் வழக்கமான ஆவணப் பட்டியலில் இல்லை. சுற்றுலா விசாவில் செல்வோருக்குப் பி.சி.சி. எனப்படும் அச்சான்றை நம் கடவுச்சீட்டு அலுவலகங்கள் வழங்குவதுமில்லை. வேலை, குடியுரிமை, நீண்ட காலத் தங்கல் ஆகியவற்றுக்கு மட்டுமே அது வழங்கப்படுகிறது. இதையறியாமல் முகவரிடம் "பி.சி.சி. எடுத்துத் தருகிறேன்" என்ற உறுதியை நம்பிப் பணம் கொடுப்போரைக் கண்டு வருந்துகிறோம்.

ஈட்டியாஸ் என்ற புதிய மின்னணு முன்னனுமதி முறையில் குற்றத் தீர்ப்புகள் பற்றிக் கேட்கப்படும் என்று செய்தித்தாள்களில் படித்து அஞ்சுவோரும் உள்ளனர். அம்முறை விசா தேவைப்படாத நாட்டவருக்கானது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் விசாவே பெற வேண்டியவராதலால், அது அவரைத் தொடாது.

வினா இல்லை என்பதால் கடந்த காலத்துக்கு இடமே இல்லை என்று எண்ணிவிடலாகாது. ஷெங்கன் விசாவை மறுப்பதற்கான காரணங்களை 2009ஆம் ஆண்டு விசா விதித்தொகுப்பின் 32ஆம் பிரிவு வரையறுக்கிறது. போலி ஆவணம், பயண நோக்கம் தெளிவின்மை, போதிய பணமின்மை, திரும்பி வருவாரா என்ற ஐயம் முதலியவை அதில் உள்ளன. நம் கட்டுரைக்கு உரியவை இரண்டு. ஒன்று, ஷெங்கன் தகவல் அமைப்பில் நுழைவு மறுப்புக் குறிப்பு இருத்தல். மற்றொன்று, விண்ணப்பதாரர் பொது ஒழுங்குக்கோ உள்நாட்டுப் பாதுகாப்புக்கோ அச்சுறுத்தல் எனக் கருதப்படுதல்.

ஷெங்கன் தகவல் அமைப்பு என்பது உறுப்பு நாடுகளின் பொதுவான கணினிப் பதிவேடு. நம் ஊர்க் காவல் நிலையப் பதிவுகள் தாமாக அங்கு சென்று சேர்வதில்லை. அதில் நுழைவு மறுப்புக் குறிப்பை இடுவது உறுப்பு நாடுகளே. ஒரு வெளிநாட்டவர் உறுப்பு நாடு ஒன்றில், குறைந்தது ஓராண்டுச் சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தால், அக்குறிப்பு இடப்பட இடமுண்டு. விசாக் காலம் கடந்து தங்கி, வெளியேற்றப்பட்டு, மறுநுழைவுத் தடை விதிக்கப்பட்டவர்களின் பெயரும் அதில் சேரும். அத்தடை பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு மேற்படாது. ஒரு நாடு இட்ட குறிப்பு மற்ற எல்லா நாடுகளின் தூதரகங்களிலும் எல்லைகளிலும் தெரியும். இத்தாலியில் சிக்கலுக்குள்ளான இளைஞர் "பிரான்ஸ் தூதரகத்தில் விண்ணப்பித்தால் தெரியாது" என்று எண்ணுவது வீண்.

தம் பெயரில் அத்தகைய குறிப்பு உண்டா என்று அறியவும், தவறாயின் திருத்தவும், சட்டவிரோதமாயின் நீக்கவும் கோரும் உரிமை வெளிநாட்டவருக்கும் உண்டு. அவ்வமைப்பைப் பயன்படுத்தும் எந்த நாட்டின் உரிய அதிகாரியிடமும் எழுதிக் கேட்கலாம். விசாக் கட்டணம் செலுத்தி மறுப்பு பெறுவதற்குமுன் இதைச் செய்து பார்ப்பது மலிவான வழி என்பது நம் கருத்து. குறிப்பு இருந்தும் நெருங்கிய உறவினரின் மரணம் போன்ற மனிதாபிமானக் காரணங்களுக்காக, ஒரு நாட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் வரையறுக்கப்பட்ட விசாவை அந்நாடு வழங்க விதியில் இடமுள்ளது. அது விதிவிலக்கே, உரிமையாகக் கோர இயலாது.

இரண்டாவதான "பொது ஒழுங்குக்கு அச்சுறுத்தல்" என்பது நெகிழ்வான தொடர். எல்லையில் நுழைவு நிபந்தனைகள் பற்றிய வழக்கொன்றில் 2019 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதனை ஓரளவு தெளிவாக்குகிறது. குற்றத் தீர்ப்பு இருந்தாக வேண்டும் என்பதில்லை. குற்றம் தன் இயல்பாலும் அதற்குரிய தண்டனையாலும் போதிய கடுமை உடையதாயின், முரணற்ற, புறவயமான, திட்டவட்டமான சான்றுகளின் அடிப்படையிலான ஐயமே போதும் என்றது அந்நீதிமன்றம். போதைப்பொருள், ஆள்கடத்தல், பயங்கரவாதம், பெருந்தொகை மோசடி ஆகியவற்றில் சிக்கியவர் நிலை வேறு. கூட்டாளியோடு ஏற்பட்ட காசோலை வழக்கில் உள்ளவர் நிலை வேறு என்பது இதிலிருந்து பெறப்படும்.

எனவே மியூனிக் செல்லவிருக்கும் நம் தந்தைக்கு உண்மையான ஆபத்து எங்கே? திரும்பி வருவாரா என்ற ஐயத்தில். தொழில் இல்லை, சொந்த வருமானம் குறைவு, மகள் அங்கே. நேர்காணலில் வழக்கு பற்றிக் கேட்டால் மழுப்பக் கூடாது. படிவத்தின் இறுதியில், தகவல்கள் சரியானவை, முழுமையானவை என்றும், பொய்யாயின் விண்ணப்பம் மறுக்கப்படும் அல்லது வழங்கிய விசா செல்லாததாக்கப்படும் என்றும் கையெழுத்திட்டிருக்கிறார். கேட்கப்படாத ஒன்றைத் தாமே முன்வந்து விரித்துரைக்க வேண்டியதில்லை. கேட்கப்பட்டால் நீதிமன்ற அனுமதி ஆணையின் சான்றிட்ட நகலைக் காட்டலாம். அந்த ஆணையில் திரும்ப வேண்டிய நாள் குறிக்கப்பட்டிருந்தால், வழக்கு அவருக்கு எதிராக அன்றி ஆதரவாகவே பேசக்கூடும்: குறித்த நாளில் திரும்பாவிட்டால் பிடியாணை காத்திருக்கிறது என்பதைவிடத் திரும்பி வருவதற்கு வலுவான காரணம் வேறென்ன வேண்டும்?

வங்கியிடம் அவர் பெறும் கணக்கு அறிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்பு உறவினரிடம் கடன் வாங்கி ஐந்து லட்சம் ரூபாயைக் கணக்கில் போட்டு, விசா வந்ததும் எடுத்துவிடும் பழக்கம் நம்மவரிடம் வேரூன்றியுள்ளது. தூதரக அதிகாரிகள் இதனை நன்கு அறிவர். மாதந்தோறும் வரும் சிறு ஓய்வூதியமும், செலவைத் தாம் ஏற்பதாக மகள் அங்குள்ள அலுவலகத்தில் அளிக்கும் முறையான உறுதிமொழியும் அந்த ஐந்து லட்சத்தைவிட மதிப்புடையவை. வழக்கைச் சமரசமாக முடிக்கப் பெருந்தொகை கணக்கிலிருந்து சென்றிருந்தால், அந்தப் பற்றுக்கு விளக்கமாகச் சமரச ஆவணத்தின் நகலை உடன் வைக்கலாம். காசோலை வழக்கு எந்நிலையிலும் சமரசத்துக்கு உரியது; சமரசத்தை நீதிமன்றம் பதிவு செய்தால் அதன் விளைவு விடுதலையே. முடியுமானால், பயணத்துக்கு முன் வழக்கை இவ்வாறு தீர்த்துவிடுவதே மற்ற எல்லா வழிகளிலும் சிறந்தது. வழக்குச் செலவையும் வட்டியையும் கணக்கிட்டு முரண்டு பிடிப்போர், மகளின் பிரசவத்துக்கு என்ன விலை வைப்பார்களோ!

மறுப்பு வந்தால், அதற்கான காரணம் குறிக்கப்பட்ட படிவம் தரப்படும். மறுத்த நாட்டின் சட்டப்படி மேல்முறையீடு செய்யலாம். கால வரம்பு நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பதால் படிவத்தின் அடியில் உள்ள குறிப்பை உடனே படிக்க வேண்டும். வேறொரு உறுப்பு நாட்டின் ஆட்சேபத்தால் மறுக்கப்பட்டிருந்தால், அந்நாடு எது, எந்தக் காரணத்தால் என்பதையும் தெரிவித்தாக வேண்டும் என 2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. மறுப்பும் விசாத் தகவல் அமைப்பில் ஐந்து ஆண்டுகள் இருக்கும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த நுழைவு வெளியேற்றப் பதிவு முறையில், முத்திரைக்குப் பதிலாக விரல் ரேகையும் முகப்படமும் பதிவாகின்றன. ஒருநாள் கூடுதலாகத் தங்கினாலும் கணினி அறியும். விசா இருப்பதாலேயே நுழைவு உறுதியாகிவிடாது, எல்லை அதிகாரி மறுபடி சோதிப்பார் என்பதும் பழைய விதிதான்.

பிரிட்டன் வேறு உலகம்

இலண்டனையும் பாரிஸையும் ஒரே சுற்றுலாவில் பார்க்க நினைப்பவர்கள் இரண்டு விசா பெற வேண்டும். இரண்டின் போக்கும் வேறு. பிரிட்டிஷ் விண்ணப்பம் குற்றத் தீர்ப்புகளை நேரடியாகவே கேட்கிறது. உலகின் எந்த நாட்டில் நிகழ்ந்ததாயினும் சொல்ல வேண்டும். வாகனக் குற்றத் தண்டனைகள், எச்சரிக்கைகள், விசாரணையை எதிர்நோக்கியிருக்கும் வழக்குகள் ஆகியவையும் அதில் அடங்கும். அதைவிட, கடனைத் திருப்பிச் செலுத்தாமைக்காக உரிமையியல் நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் திவால் நடவடிக்கையையும்கூடக் கேட்கிறது. குற்றம் எதுவும் செய்யாத கடனாளியும் இங்கு "ஆம்" என்று எழுத நேரலாம். எழுதினால் விசா மறுக்கப்படும் என்பதில்லை. எழுதாமல் விட்டால் வரும் கேடு பெரிது.

பன்னிரண்டு மாதங்களோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்குப் பார்வையாளர் விசா மறுக்கப்பட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. எத்தனை ஆண்டுகள் ஆயினும் சரி. அதற்குக் குறைவான சிறையாயின், தண்டனை முடிந்து பன்னிரண்டு மாதங்கள் கடந்திருக்க வேண்டும். சிறையின்றி அபராதம் மட்டும் விதிக்கப்பட்டிருந்தால், தீர்ப்பு நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்கள். மதுவருந்தி வாகனம் ஓட்டி மூன்று ஆண்டுகளுக்கு முன் அபராதம் கட்டியவர், அதனை உள்ளபடி எழுதி, அபராத ரசீதையும் இணைத்தால், அந்த ஒன்றால் மட்டும் தாமாக மறுக்கப்படும் நிலையில் இல்லை. அதையே மறைத்துப் பின்னர் வெளிப்பட்டால், ஏமாற்றுதல் என்ற காரணத்தால் பத்து ஆண்டுகள் வரை விண்ணப்பங்கள் மறுக்கப்படலாம். அபராதம் சில ஆயிரம் ரூபாய். மறைத்ததன் விலை பத்து ஆண்டுகள். அயர்லாந்தும் தன் விண்ணப்பத்தில் எந்த நாட்டுக் குற்றத் தீர்ப்பையும் கேட்கிறது.

"பழைய தீர்ப்பு, காலம் கடந்துவிட்டது" என்ற எண்ணமும் இங்கு உதவாது. பிரிட்டனில் குறித்த காலத்துக்குப் பின் பழைய தண்டனைகளை மறந்துவிடும் சட்டம் 1974 முதல் உள்ளது. ஆனால் குடியேற்ற முடிவுகளுக்கு அது பொருந்தாதெனப் பின்னர் திருத்தப்பட்டது. நம் நாட்டில் அத்தகைய பொதுச் சட்டம் இல்லை. நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் விடுவிக்கப்பட்டவருக்குத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு இல்லை என்று 1958ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. வெளிநாட்டுப் படிவம் கேட்பதோ தகுதியை அன்று, தீர்ப்பு உண்டா என்பதை. இந்த நுட்பத்தில் ஐயமுள்ளவர்கள் படிவத்தை நிரப்புமுன் வழக்குரைஞரைக் கலந்து கொள்வது நன்று.

வேலை, படிப்பு, குடும்பத்தோடு சேர்தல் ஆகியவற்றுக்கான நீண்ட கால விசாக்களை ஷெங்கன் நாடுகள் தத்தம் சட்டப்படி வழங்குகின்றன. ஸ்பெயின், போர்ச்சுகல் போன்றவை அதற்குக் குற்றப் பதிவுச் சான்று கேட்கின்றன. அங்கு நம் பி.சி.சி. வேண்டும், வழக்கு நிலுவையில் இருந்தால் அது கிடைப்பது அரிது.

நாட்கணக்கைச் சொல்லி நிறுத்துகிறோம். ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; பதினைந்து நாட்களுக்குக் குறையாமல் முன்னதாக விண்ணப்பித்தாக வேண்டும். முடிவு வழக்கமாகப் பதினைந்து நாட்களில் வரும். ஆய்வு தேவைப்பட்டால் நாற்பத்தைந்து நாட்கள் வரை ஆகும். வழக்குடையவர் நாற்பத்தைந்தையே கணக்கில் கொள்ளட்டும். அதற்குமுன் கடவுச்சீட்டு, அதற்குமுன் நீதிமன்ற மனு, எதிர்த்தரப்பின் பதிலுரை, ஆணை, ஆணையின் சான்றிட்ட நகல் என ஒவ்வொன்றுக்கும் வாரங்கள் ஆகும். இடையில் நீதிமன்றக் கோடை விடுமுறையும் வரும். விசா கையில் கிடைக்கும்வரை பயணச்சீட்டுக்கு முன்பதிவு மட்டும் போதும். திரும்பப் பெற இயலாத சீட்டுக்கு முழுப் பணம் செலுத்த வேண்டாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுசெய்யும் காப்பீடு கட்டாயம். விசா மறுக்கப்பட்டால் முனைமத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மனுவை இன்றே தாக்கல் செய்பவர், நகல் பிரிவில் சான்றிட்ட நகல்கள் மூன்றுக்குச் சேர்த்தே விண்ணப்பிக்கலாம்: ஒன்று கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு, ஒன்று தூதரகத்துக்கு, ஒன்று விமான நிலையத்தில் கேட்டால் காட்டுவதற்காகக் கைப்பையில்.